டைனோசர் எந்த வாசல் வழியாக வருகிறது?

2025 ஜூலையில் திரைக்கு வந்த ஜுராசிக் வேர்ல்ட் வரிசைப் படத்தின் கதைப்படி, உலகின் மற்ற இடங்களில் தட்பவெப்பம் ஒத்துவராமல் டைனோசர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. பூமத்தியரேகையை ஒட்டிய வெப்ப வட்டாரத்தில் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. அங்கே மனிதர்கள் போகத் தடை. கோலாலம்பூர் இருப்பது பூமத்தியரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே. அந்தக் கணக்குப்படி பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் எல்லாமே தடை வட்டாரத்துக்குள் வந்துவிடும். காலையில் எல்.ஆர்.டி. பிடித்து வேலைக்குப் போகும் லட்சக்கணக்கான பேர் எங்கே போனார்கள் என்பதைப் பற்றிப் படம் கவலைப்படவில்லை. ஹாலிவுட்டுக்கு நம் வட்டாரம் என்றால் காடும் கடலும்தான். படப்பிடிப்பையும் பக்கத்திலேயே, தென் தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் நடத்தினார்கள்.

இந்த வகைக் கதை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது வாசலைத்தான். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன விலங்கை இன்றைய ஊருக்குள் கொண்டுவர ஆசிரியர் எந்த வழியைத் திறந்தார்? பற்களும் உறுமலும் எல்லாக் கதையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசல் மட்டும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. எழுதியவர்கள் வாழ்ந்த காலம் எதைக் கண்டு பயந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல் வாசல், எங்கோ ஒளிந்திருந்து பிழைத்த கூட்டம். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய கானன் டாயில் 1912இல் எழுதிய நாவலில் தென் அமெரிக்காவில் யாரும் ஏற முடியாத பீடபூமி ஒன்றில் டைனோசர்கள் உயிரோடு இருக்கும். ரொரைமா மலையைப் பற்றிய பயணக் குறிப்புகள் அவருக்குத் தூண்டுதல். 1925இல் அது ஊமைப்படமாக வந்தபோது, பிடித்துவந்த புரொன்டோசாரஸ் லண்டன் தெருவில் தப்பி ஓடி, பாலம் உடைந்து தேம்ஸில் விழுந்தது. நகரத்துக்குள் டைனோசர் என்ற காட்சிக்குத் திரையில் பிள்ளையார் சுழி போட்டது அதுதான் எனலாம்.

இதில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதே 1912இல்தான் ஜாவாவின் போகோர் அருங்காட்சியகத்தில் இருந்த ஓவென்ஸ் என்ற டச்சுக்காரர் கொமோடோ உடும்பை அறிவியல் உலகுக்கு முதன்முதலாக விவரித்தார். பத்தடி நீளம் வளரக்கூடிய ஊர்வன ஒரு தீவில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது என்றால், இன்னும் என்னென்ன இருக்குமோ! 1926இல் கொமோடோவுக்குப் போய் உயிருள்ள உடும்புகளை நியூயார்க்குக்குக் கொண்டுசென்ற ஓர் அமெரிக்கரின் பயணக் கதைதான் 1933இன் 'கிங் காங்' படத்துக்கு வித்துகளில் ஒன்று. வரைபடத்தில் இல்லாத தீவு, அதில் டைனோசர், பிடித்துவந்த விலங்கு மாநகரத்தில் செத்துப்போவது என்று அந்தக் கதையின் எலும்புக்கூட்டை இந்தோனேசியத் தீவிலிருந்து எடுத்துச்சென்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் சீலகாந்த் மீன் வலையில் சிக்கியது. டைனோசர்களோடு சேர்ந்து அழிந்ததாக நினைத்திருந்த மீன் அது. 1997இல் அதன் இன்னோர் இனம் சுலாவெசியின் மனாடோ மீன் சந்தையில் வண்டியில் வைத்து இழுத்துப்போகப்படுவதைத் தேன்நிலவுக்கு வந்திருந்த ஓர் உயிரியலாளர் தற்செயலாகப் பார்த்தார். ஆளுயர மீன் ஆழ்கடல் குகையில் ஒளிந்திருக்க முடியும் என்றால், பன்னிரண்டு மீட்டர் நீள மிருகம் ஏன் காட்டில் ஒளிந்திருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. மலேசியாவில் இந்தக் கேள்வியோடு கூடவே வரும் வாசகம் ஒன்று இருக்கிறது: "தாமான் நெகாரா 13 கோடி ஆண்டு பழமையான காடு." சுற்றுலா அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறுவது. டைனோசர் காலத்துக் காடு அப்படியே நிற்கிறது, உள்ளே போனால் எதுவும் எதிரே வரலாம் என்று தோன்றிவிடும்.

அந்த வாசகத்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. நிலம் பழையது, சரி. மரங்கள் அப்படி இல்லை. 13 கோடி ஆண்டுக்கு முன் பூக்கும் தாவரங்களே அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. இன்று நம் காட்டை ஆளும் மெரந்தி, செங்கால், கெருயிங் மரங்களின் குடும்பம் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது அதில் ஏறி இந்தப் பக்கம் வந்து பரவியது என்பதே இன்று பல ஆய்வாளர்கள் சொல்வது. குஜராத்தில் கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டு பழைய மரப்பிசின் இந்தக் குடும்பத்து மரங்களுடையது. அதாவது மெரந்தியும் நம்மைப் போல இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த கேஸ்தான். கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒளிந்திருக்கும் கூட்டம் என்ற வாசலை நம் காட்டில் அடைத்துவிடுவது உண்மையில் புலி. தீபகற்ப மலேசியாவில் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டுப்புலிகள் 150க்கும் குறைவு என்று சொன்னது. மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்களில் பதிந்த வரிக்கோடுகளை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். மறைந்து நடப்பதையே பிழைப்பாகக் கொண்ட புலிக்கே இந்தக் கதி என்றால், யானையைவிடக் கனமான வேட்டை விலங்கு எங்கே ஒளியும்? ஒன்று இருந்தால் போதாது. தலைமுறை தலைமுறையாக இனம் பெருக நூற்றுக்கணக்கில் வேண்டும், அவற்றுக்கு இரையாக ஆயிரக்கணக்கில் மானும் பன்றியும் வேண்டும். தாமான் நெகாராவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். காணாது.

தமிழர்களிடம் இதே வாசலுக்கு உள்ளூர்ப் பதிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கோயில் தூணில் இருக்கும் யாளி உண்மையில் டைனோசர் என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளியைப் பார்க்காதவர் குறைவு. அதோடு ஒட்டுப்போட்டு, கம்போடியாவின் தா புரோம் கோயிலில் முதுகுத் தகடுகளோடு ஒரு விலங்கு செதுக்கப்பட்டிருப்பதையும் காட்டுவார்கள். அந்த வரிசையில் இருக்கும் மற்ற விலங்குகளைச் சுற்றியும் அதே போன்ற அலங்காரம் இருப்பதைக் காட்டமாட்டார்கள். யாளி சிற்பியின் கற்பனை வளம். அதை எலும்புக்கூடாக்கி நிரூபிக்கப் பார்ப்பது சிற்பிக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வாசலை அணுகுண்டு திறந்தது. 1953இல் வந்த ஒரு படத்தில் ஆர்க்டிக் பனியில் உறைந்திருந்த விலங்கு அணுச் சோதனையால் விழித்து நியூயார்க்குக்கு வந்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் 23 பேர் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கொட்ஸில்லா திரையில் தோக்கியோவை மிதித்தது. இதற்கு விளக்கவுரை தேவையில்லை. காலப் பிளவு, கால எந்திரம் என்று இன்னொரு வாசலும் உண்டு. எழுதுபவருக்கு ரொம்பவும் வசதியான வாசல் அது. நினைத்தபோது திறக்கும், நினைத்தபோது மூடும். அதனாலேயே அதில் எனக்கு ஈடுபாடு குறைவு.

மரபணு வாசல்தான் விரிவாகப் பேச வேண்டியது. 1980இல் இரண்டு காரியங்கள் நடந்தன. வானிலிருந்து விழுந்த பாறைதான் டைனோசர்களை அழித்தது என்ற ஆய்வை அல்வாரெஸ் குழு வெளியிட்டது. வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய, எண்ணெய்க் கசிவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரைத் தயாரித்து உரிமை கொண்டாடலாம் என்று சட்டமே சொன்ன பிறகு, பத்தாண்டு கழித்து 1990இல் மைக்கேல் கிரைட்டனின் 'ஜுராசிக் பார்க்' நாவல் வந்தது. 1993இல் ஸ்பீல்பெர்க் படம். இங்கே டைனோசர் பிழைத்துக் கிடந்ததோ விழித்துக்கொண்டதோ அல்ல. அது ஒரு நிறுவனத்தின் சரக்கு.

நாவலில் மட்டும் வரும் ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். பூங்காவில் விலங்குகள் தப்பவில்லை என்பதற்கு ஆதாரமாகக் கணினியின் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். அசைவுகளைக் கேமராவில் பார்த்து எத்தனை விலங்கு என்று அது எண்ணும். ஒவ்வொரு முறையும் சரியாகவே வரும். கணிதவியலாளர் ஒருவர், எதிர்பார்க்கும் எண்ணைக் கூட்டிப் போட்டுப் பார் என்பார். போட்டால் கூடுதலான எண்ணும் சரியாக வரும். காணாமல் போனதைக் கண்டுபிடிக்கவே அந்த நிரலை எழுதியிருந்தார்கள்; எதிர்பார்த்த எண் கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். அதிகமாக இருக்கக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை. முட்டை பொரித்துப் பெருகிக்கொண்டிருந்தவை கணக்கிலேயே வரவில்லை. ஒரு பல்லும் தெரியாத இந்தப் பக்கங்கள்தான் எனக்கு அந்த நாவலிலேயே அதிகம் பயம் தந்தவை. அலுவலகத்தில் எக்செல் அறிக்கை தயாரிப்பவர்களுக்கு இந்தப் பயம் கூடுதலாகவே புரியும்.

படம் வேறு வழியில் போனது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது மொத்தம் சுமார் 15 நிமிடம். டி-ரெக்ஸ் வருவதற்கு முன் குவளைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அதிர்வு எழும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைக் காரின் முகப்புப் பலகைக்கு அடியில் கித்தார் தந்தி ஒன்றைப் பொருத்தி, மீட்டி எடுத்தார்கள். உறுமலில் யானைக்குட்டியும் புலியும் முதலையும் கலந்திருக்கின்றன. விலங்கைக் காட்டாமல் தள்ளிப்போடுவதுதான் இந்த வகையின் உயிர். பின்னால் வந்த படங்கள் அதைக் கைவிட்டன. 2022 படத்தில் டைனோசர்கள் உலகம் முழுக்கத் திரிகின்றன. அப்புறம் அவற்றை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல், கதையின் முக்கியப் பொறுப்பு மரபணு மாற்றிய வெட்டுக்கிளிகளிடம் போய்விட்டது.

அறிவியல் என்ன சொல்கிறது? ஆம்பருக்குள், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினுக்குள், சிக்கிய கொசுவின் வயிற்றில் டைனோசர் ரத்தம் என்பது அழகான யோசனை. 1990களின் தொடக்கத்தில் ஆம்பர் பூச்சிகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டதாக அறிவிப்புகளும் வந்தன. வேறு ஆய்வகங்களால் அதைத் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. 2012இல் நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவை எலும்புகளை ஆராய்ந்தவர்கள் டி.என்.ஏ.வின் அரை ஆயுள் சுமார் 521 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். 521 ஆண்டில் பாதிப் பிணைப்புகள் அறுந்துவிடும், அடுத்த 521இல் மீதியில் பாதி. உறைநிலைக்குக் கீழே ஐந்து டிகிரியில் வைத்திருந்தாலும் 68 லட்சம் ஆண்டில் ஒரு பிணைப்புகூட மிஞ்சாது என்பது அவர்கள் கணக்கு. இதுவரை படிக்கப்பட்டதில் மிகப் பழையது வட கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்த 20 லட்சம் ஆண்டு பழைய டி.என்.ஏ. டைனோசருக்கு அதைப் போல 33 மடங்கு பின்னால் போக வேண்டும். செல்லரித்த ஏட்டிலிருந்து உ.வே.சா.வால் பாட்டை மீட்க முடிந்ததென்றால் பாதி எழுத்தாவது இருந்தது. இங்கே ஏடே பொடியாகிவிட்டது.

வெப்பம் கூடக் கூட இந்தச் சிதைவு வேகமெடுக்கும். ஆக, பூமத்தியரேகை வட்டாரம் பழைய டி.என்.ஏ.வைத் தேட உலகிலேயே மோசமான இடங்களில் ஒன்று. ஆம்பர் நம்மிடம் இல்லாமல் இல்லை. சரவாக்கின் மெரிட் பிலா நிலக்கரிச் சுரங்கத்தில் நிறைய இருக்கிறது. அதுவும் மெரந்தி குடும்பத்து மரப்பிசின்தான், நாம் குங்கிலியம் என்று புகை போடுவதன் மூதாதை. ஆனால் அதற்கு 2 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. அந்தக் காலத்துக் கொசு யாரைக் கடித்திருந்தாலும் டைனோசரைக் கடித்திருக்காது.

எலும்பாவது இருக்கிறதா? கோலாலம்பூருக்குள் தேடிப் பயனில்லை. பத்துமலையின் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டு பழையது, கடலடியில் உருவானது. முதல் டைனோசர் பிறக்கவே அதற்குப் பிறகு 17 கோடி ஆண்டு ஆனது. 272 படி ஏறும் பக்தர்கள் டைனோசர் யுகத்தைவிட மூத்த பாறைக்குள்தான் நுழைகிறார்கள். உயரம் என்று பார்த்தாலும் கழுத்தை நிமிர்த்திய பிராக்கியோசாரஸ் 40 அடி சொச்சம். வாசலில் நிற்கும் 140 அடி முருகனின் முழங்காலைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

மலேசியாவின் முதல் டைனோசர் ஆதாரம் பகாங்கில் கிடைத்து 2014 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு பல். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர். சுண்டுவிரலின் ஒரு கணு அளவு. மேற்பரப்பில் மெல்லிய வரிகள் ஓடும் அந்தப் பல், மீன் தின்னும் ஸ்பைனோசார் குடும்பத்தது. கண்டெடுத்த இடத்தை யாராவது போய்த் தோண்டிவிடக் கூடாது என்று வெளியே சொல்லவில்லை. ரகசிய இடம், ஒற்றைப் பல். த்ரில்லர் எழுதுபவருக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் வேண்டுமா?

நம் தாத்தா பாட்டிகள் பலர் கப்பலேறிய திருச்சிச் சீமையில் இதைவிட விசித்திரமான கதை இருக்கிறது. இன்றைய அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்ற ஊருக்குப் பக்கத்தில் தோண்டிய ராட்சத எலும்புகளுக்கு 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. உண்மையானால் தரையில் நடந்தவற்றிலேயே பெரிய விலங்குகளில் ஒன்று. ஆனால் சோதித்துப் பார்க்க எலும்பு இல்லை. மழை ஈரத்தில் பொடிந்து போய்விட்டது. மிஞ்சியவை கோட்டுப்படங்களும் சில புகைப்படங்களும்தான்.

டைனோசர் மரபணு வாசல் அடைபட்டுவிட்டது. ஆனால் அதன் பக்கத்து வாசல் திறந்துதான் இருக்கிறது, அதுவும் மலேசியாவிலேயே. சபாவில் 2019 மே மாதம் தாம் என்ற ஆணும் நவம்பரில் இமான் என்ற பெண்ணும் இறந்ததோடு மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகம் முடிந்துபோனது. அவற்றின் உயிரணுக்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் அவற்றிலிருந்து கருவை உருவாக்க முடியுமா என்று முயல்கிறார்கள். இந்தோனேசியாவில் இந்த இனத்தில் எஞ்சியவை நூறுக்கும் குறைவு என்பதால் வாடகைத் தாய்க்கே திண்டாட்டம். இன்னொரு பக்கம், 2025 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நிறுவனம் பனியுகத்து டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்தது. உண்மையில் சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 மாற்றம் செய்து பிறந்த குட்டிகள் அவை. அது டயர் ஓநாயா, வேடம் போட்ட சாம்பல் ஓநாயா என்று உயிரியலாளர்கள் சண்டை போட்டார்கள். கிரைட்டனின் நாவலிலும் இந்தக் கேள்வி உண்டு. தவளை மரபணுவால் ஓட்டை அடைத்த விலங்கை டைனோசர் என்று சொல்லலாமா? வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதுதான் டைனோசர் என்பது அங்கே நிறுவனத்தின் பதில். படத்திலும் அதே கதைதான். உண்மையான வெலோசிராப்டர் வான்கோழி அளவு, உடலில் இறகு. திரையில் வந்தது ஆளுயரச் செதில் மிருகம்.

கோலாலம்பூரை வைத்து யாராவது தமிழில் இப்படியொரு த்ரில்லர் எழுதினால் என் வாக்கு இந்த நிறுவன வாசலுக்குத்தான். களத்துக்குப் பஞ்சமில்லை. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். மழை வெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். சாலையாகவும் கால்வாயாகவும் இருக்கும் இருட்டுக் குழாய்க்குள் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். மின்தடை வேண்டுமா? 1996 ஆகஸ்ட் 3 மாலையில் தீபகற்பம் முழுக்கவே மின்சாரம் போனது. சட்டச் சிக்கலுக்கு மரபணு மாற்றிய உயிர்களைப் பற்றிய 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனவிலங்குகளுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. தப்பிய விலங்கு இதில் எந்தத் துறையின் கணக்கு என்று இரண்டு இலாகாக்கள் கடிதம் எழுதிக்கொள்வதிலேயே மூன்று அத்தியாயம் ஓட்டலாம்.

ஆனால் துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்கார வேட்டைக்காரர் மட்டும் வேண்டாம். இங்கே வீட்டுக்குள் பாம்போ, பியாவாக் என்று நாம் சொல்லும் உடும்போ புகுந்தால் கூப்பிடுவது 999. வருவது போம்பா எனும் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ. ஒப்பந்த நிறுவனம் உண்மையை மறைக்கிறது. கம்போங் பாருவில் கால்வாய் ஓரம் மூன்று விரல் தடம். "பெரிய பியாவாக்குதான் அண்ணே, கோழியைத் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கவைக்கம்பும் கோணிப்பையுமாக இறங்கும் இரண்டு பேர். கதையை அங்கே தொடங்கினால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.